கடற்கரை முள்ரோஜா: பழத்தையும் இதழையும் சமையலுக்குப் பயன்படுத்தும் முறை

டென்மார்க், நார்வே, சுவீடன் கடற்கரைகளில் மணல்மேட்டை ஒட்டி இடுப்பளவு உயரத்தில் ஒரு முள்புதர் அடர்ந்து கிடக்கும். கனடாவின் கிழக்குக் கரையிலும் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலும் அதே புதர்தான். ஜூன் மாதம் பூக்கத் தொடங்கும். ஆகஸ்ட் பிறந்ததும் ஒரே கிளையில் இந்தப் பக்கம் பூ, அந்தப் பக்கம் தக்காளிக் குட்டிபோலச் சிவந்த பழம் என்று இரண்டும் சேர்ந்து நிற்கும். இதுதான் ரோசா ருகோசா. பூர்விகம் வடகிழக்கு ஆசியா: ஜப்பானின் வடபகுதி, கொரியா, வடகிழக்குச் சீனா, சகாலின், கம்சாட்கா. 1784இல் சுவீடன் தாவரவியலர் கார்ல் பீட்டர் துன்பெர்க் இதற்கு அறிவியல் பெயரிட்டார். ஜப்பானில் ஹமானசு என்பார்கள். ஹொக்கைடோ மாகாணத்தின் மலர் இதுதான்.

உப்புக் காற்று, சத்தில்லாத மணல், மைனஸ் 35 டிகிரிக் குளிர் எதற்கும் இந்தச் செடி அசையாது. அந்த உறுதிக்காகவே ஐரோப்பாவில் சாலையோரங்களிலும் மணல்மேடுகளிலும் நட்டார்கள். அது பிறகு அடங்காமல் பரவியது வேறு கதை; அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம். சாப்பாட்டு விஷயத்தில் காட்டு ரோஜாக்களில் இதற்கு ஈடில்லை. காரணம் பழத்தின் சதை. மற்ற காட்டு ரோஜாக்களில் தோல் கனத்துக்குத்தான் சதை இருக்கும். ருகோசாவில் பழமே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் அகலம், சதையும் நல்ல தடிப்பு.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். இந்தப் பழத்தில் ரோஜா வாசனை கிடையாது. ரோஸ்மில்க் சுவையை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஆப்ரிகாட்டின் இனிப்பும் தக்காளியின் புளிப்பும் கலந்த சுவை இது. ரோஜா மணம் வேண்டுமென்றால் இதழைத்தான் எடுக்க வேண்டும்.

செடியைச் சரியாக அடையாளம் காண்பது

தண்டைப் பாருங்கள். ருகோசாவின் தண்டில் இடைவெளியே தெரியாத அளவுக்கு நேரான முட்கள், பெரிதும் சிறிதுமாக மண்டியிருக்கும். ஐரோப்பாவின் வேலியோரங்களில் வளரும் நாய்ரோஜா எனப்படும் ரோசா கனினாவுக்கு முள் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் கொக்கிபோல வளைந்திருக்கும். அது ஆளுயரத்துக்கும் மேலே வளைந்து போகும். ருகோசா பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை மீட்டரோடு நின்றுவிடும்.

இலை அடுத்த அடையாளம். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள். மேற்புறம் கரும்பச்சையாக, நரம்புகள் பள்ளமாக இறங்கிச் சுருக்கம் விழுந்திருக்கும். அடிப்புறம் வெளிறி, மெல்லிய மயிரோடு இருக்கும். பூவுக்கு ஐந்து இதழ். அடர் இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. பழம் மேலும் கீழும் லேசாக அழுத்தியதுபோல உருண்டிருக்கும். அதன் நுனியில் புல்லிகள், அதாவது மொட்டை மூடியிருந்த நீளமான பச்சை இதழ்கள், ஐந்தும் உதிராமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்ரோஜாப் பழம் முட்டை வடிவம். புல்லிகள் பின்னால் மடங்கி, பழுக்கும்போது உதிர்ந்துவிடும்.

வட நாடுகளில் இலையுதிர்காலத்தில் சிவப்பாகத் தொங்கும் காட்டுப் பழங்கள் பல உண்டு. அவற்றில் நஞ்சுள்ளவையும் இருக்கின்றன. சந்தேகம் வந்தால் ஒரு பழத்தை நறுக்கிப் பாருங்கள். வெளியே சதைச் சுவர், உள்ளே வெற்றுக் குழி, அந்தக் குழி நிறைய வெளிர்மஞ்சள் விதையும் சுணையும் என்றிருந்தால் அது ரோஜாப் பழம். அப்படி இல்லாத எதையும் கூடையில் சேர்க்காதீர்கள்.

பறிக்கலாம், நடக்கூடாது

வட ஐரோப்பாவில் இந்தச் செடி ஆக்கிரமிப்புத் தாவரம். மண்ணுக்கடியில் கிழங்குத் தண்டு ஓடி, பக்கக் கன்று விட்டுக்கொண்டே போகும். மணல்மேட்டில் இயல்பாக வளரும் சிறு செடிகளுக்கு வெயில் படவிடாது. பழம் கடலில் மிதந்து அடுத்த கரைக்குப் போகும். பறவைகளும் விதையைக் கொண்டுசெல்லும். நார்வேயில் 2016 முதல் இதை இறக்குமதி செய்யவோ விற்கவோ நடவோ தடை. பின்லாந்தில் 2022 ஜூன் முதல் வளர்ப்பதே தடை; தோட்டத்தில் இருந்தாலும் அகற்ற வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இயற்கை வெளியில் நட்டால் குற்றம்.

பழம் பறிப்பது இந்தத் தடைகளுக்குள் வராது. அதே சமயம் சில இடங்களைத் தவிருங்கள். நெடுஞ்சாலை ஓரப் புதர்கள் வேண்டாம்; புகை, தூசி, பனிக்காலத்தில் கொட்டிய உப்பு எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். கடற்கரையில் பாதிப் புதர் கருகியோ இலை ஒரே சீராகப் பழுத்தோ கிடந்தால், களைக்கொல்லி அடித்திருக்க வாய்ப்புண்டு. இந்தச் செடியை ஒழிக்க நகராட்சிகள் மருந்து அடிப்பதுண்டு. பூக்கடையில் வாங்கிய பூவும், நர்சரியில் பூச்சிமருந்தில் வளர்ந்த செடியின் முதல் வருடப் பழமும் சாப்பிட உகந்தவை அல்ல.

சுத்தம் செய்த பிறகு மிஞ்சும் விதையைத் தோட்டத்திலோ வெளியிலோ கொட்டாதீர்கள். உரக்குழியிலும் போட வேண்டாம், அங்கிருந்து முளைத்து வந்துவிடும். பையில் இறுகக் கட்டி வீட்டுக் குப்பையோடு எரிக்கப் போகும் தொட்டியில் போடுங்கள்.

பறிக்கும் பதம்

"முதல் உறைபனி விழட்டும், பிறகு பறிக்கலாம்" என்று சொல்வார்கள். நாய்ரோஜாவுக்கு அது சரி. அதன் பழம் அக்டோபரில்கூடக் கல்லாக இருக்கும். பனி பட்டால்தான் இளகும். ருகோசாவை அப்படி விட்டால் பழம் கூழாகி, சுணையும் சதையும் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். இந்த ஒரு தவறுதான் பலரையும் ருகோசாவே வேண்டாம் என்று ஒதுங்க வைக்கிறது.

ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சரியான காலம். நிறம் ஆரஞ்சிலிருந்து முழுச் சிவப்புக்கு மாறியிருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாகக் கொடுத்து, விரலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால் அது சிரப்புக்கு மட்டும் ஆகும். ஜாமுக்கும் உலர்த்தவும் கெட்டியான பழமே வேண்டும். முக்கால் பழுத்ததும் பரவாயில்லை. அதில்தான் ஜாம் இறுகத் தேவையான பெக்டின் அதிகம்.

செடி கோடை முழுக்கப் பூப்பதால் ஒரே நாளில் எல்லாம் பழுக்காது. பத்து நாளுக்கு ஒருமுறை அதே புதருக்குப் போய்ப் பதமானதை மட்டும் எடுங்கள். தோல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். பழத்தைப் பிடித்து இழுத்தால் கிளை ஆடி முள் கையைக் கிழிக்கும். இலேசாகத் திருகினால் காம்போடு கழன்று வரும். அகலமான தட்டுக்கூடையில் ஓரிரு அடுக்காகப் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து, அன்று மாலைக்குள்ளேயே நசுங்கிவிடும்.

பழுப்புப் புள்ளியோ, தோலுக்கடியில் கோடுபோல இருண்ட தடமோ தெரிந்தால் உள்ளே புழு இருக்கும். ரோஜாப் பழ ஈ என்றே ஒரு ஈ உண்டு. அது தோலைத் துளைத்து முட்டையிடும். சில புதர்களில் பாதிப் பழம் அப்படித்தான் இருக்கும். நான்கைந்து பழத்தை அங்கேயே நறுக்கிப் பார்த்துவிட்டு மற்றதைப் பறிப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் அன்றோ மறுநாளோ வேலையை முடித்துவிடுங்கள். முடியாதென்றால் கழுவித் துடைத்து முழுசாக ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்து இளகிய பழம் மெத்தென்று ஆகிவிடும். சாறு எடுக்க அது வசதி. அதை வைத்து ஜாம் போட நினைக்காதீர்கள், சுணை பிரியாது.

சுணை: உண்மையான வேலை இதுதான்

பழத்தின் உள்ளே விதைகளைச் சுற்றி மெல்லிய, விறைப்பான சுணை இருக்கும். உடலில் பட்டால் அரிக்கும். ஐரோப்பாவில் பிள்ளைகள் குறும்புக்காக அடுத்தவர் சட்டைக்குள் போடும் அரிப்புப் பொடி இதிலிருந்துதான் வந்தது. வாயிலும் தொண்டையிலும் குத்தும், குடலையும் உறுத்தும். புதரிலிருந்து பறித்து அப்படியே தின்ன ஆசையாக இருந்தால், வெளிச்சதையை மட்டும் பல்லால் கரம்பி எடுங்கள், உள்குழியைத் தொடாதீர்கள்.

சுத்தம் செய்ய வேண்டியவை: சின்னக் கத்தி, தேநீர்க் கரண்டி, மெல்லிய ரப்பர் கையுறை, அகலமான பாத்திரத்தில் தண்ணீர், கம்பி வடிகட்டி.

முதலில் புல்லி நுனியையும் காம்படியையும் நறுக்கி எறியுங்கள். பழத்தை மேலிருந்து கீழாக இரண்டாக வகிருங்கள். கரண்டியின் விளிம்பைக் குழியின் ஓரத்தில் வைத்து ஒரே சுழற்றாகச் சுழற்றினால், விதையும் சுணையும் ஒரு கட்டியாகக் கழன்று வரும். பதமான பழத்தில் சுவர் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் சுத்தமாகத் தெரியும். பழுத்துப்போனதில் கரண்டியோடு சதையும் பிய்ந்து வரும், சுவரில் சுணை ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்டதைச் சிரப்புப் பாத்திரத்துக்குத் தள்ளிவிடுங்கள். சுரண்டிய ஓடுகளைத் தண்ணீரில் போட்டுக் கையால் கலக்கி, வடிகட்டியில் கொட்டி, புதுத் தண்ணீரில் இன்னும் இரண்டு முறை அலசுங்கள். கடைசித் தண்ணீரை வெளிச்சத்தில் பார்த்தால் மயிரிழைகள் மிதக்கக்கூடாது.

ஒரு கிலோ பழத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கிடைப்பது ஏறக்குறைய பாதி எடை ஓடு. இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒருவர் வகிர, மற்றவர் சுரண்டலாம். வேலை வேகமாக ஓடும். இடையில் கண்ணைக் கசக்காதீர்கள். தோலில் சுணை பட்டுவிட்டால் தேய்த்தால் இன்னும் ஆழமாக இறங்கும். ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் அழுத்தி உரித்து எடுத்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள்.

பாத்திரம் எவர்சில்வராகவோ எனாமலாகவோ இருக்கட்டும். இரும்பும் செம்பும் பட்டால் வைட்டமின் சி வேகமாக அழியும், நிறமும் கறுக்கும். புளிப்புள்ள பண்டம் என்பதால் அலுமினியமும் ஆகாது.

சிரப்

முழுப் பழத்தை அப்படியே போடலாம், சுரண்ட வேண்டியதில்லை, நசுங்கியதும் வீணாகாது. முதன்முறை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்கு ஆரஞ்சு வருவது நின்றுபோனது. குழந்தைகளுக்கு வைட்டமின் சி கிடைக்க வழி தேடிய அரசு, வேலியோர ரோஜாப் பழத்தைச் சேகரிக்கச் சொன்னது. பள்ளிப் பிள்ளைகளும் பெண்கள் சங்கங்களும் டன் கணக்கில் பறித்துக் கொடுத்தார்கள். வீட்டில் செய்துகொள்ள உணவு அமைச்சகம் 1943இல் ஒரு செய்முறையும் வெளியிட்டது. அந்தக் கணக்கு வெறும் வழக்கம் அல்ல. ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. 100 கிராம் காட்டு ரோஜாப் பழத்தில் 400 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 50 சொச்சம்தான். ஆனால் பழத்தை நசுக்கிய கணமே அதிலுள்ள ஒரு நொதி காற்றோடு சேர்ந்து அந்த வைட்டமினைத் தின்னத் தொடங்கிவிடும். கொதிநீர் பட்டால் அந்த நொதி செயலிழக்கும். அதனால் அரைப்பதற்கு முன்பே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதே விகிதத்தை முழு எண்ணாக்கிய கணக்கு இது: பழம் 1 கிலோ, தண்ணீர் முதலில் 2 லிட்டர், பிறகு 1 லிட்டர், சர்க்கரை 650 கிராம், எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி.

2 லிட்டர் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கழுவிய பழத்தைப் புல்லியும் காம்பும் நீக்கி, மிக்ஸியில் போட்டு, நிறுத்தி நிறுத்தி இரண்டு மூன்று சுற்று மட்டும் ஓட்டுங்கள். கொரகொரப்பாக இருந்தால் போதும்; விதை உடைந்தால் சாறு கசக்கும். அரைத்ததைத் தாமதிக்காமல் கொதிநீரில் கொட்டிக் கிளறுங்கள். மறுபடி ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து மூடி, 15 நிமிடம் வையுங்கள்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து, இரண்டாக மடித்து, வடிகட்டியின் மேல் விரித்து ஊற்றுங்கள். பழைய வேட்டித் துணி இதற்கு மிகப் பொருத்தம். தானாக வடியட்டும். முறுக்கிப் பிழிந்தால் சுணை துணியைத் துளைத்து வந்துவிடும். முதலில் வடிந்த ஒரு டம்ளர் சாற்றை மறுபடி துணியிலேயே ஊற்றுங்கள். அதற்குள் துணியில் ஒரு சக்கைப் படலம் படிந்திருக்கும், அதுதான் மெல்லிய சுணையைப் பிடிக்கும்.

சக்கையை மறுபடி பாத்திரத்தில் போட்டு, 1 லிட்டர் கொதிநீர் ஊற்றி, ஒரு கொதி விட்டு, 10 நிமிடம் வைத்து, அலசிய துணியில் வடியுங்கள். இரண்டு சாற்றையும் சேர்த்து அகலமான பாத்திரத்தில் 1 லிட்டராக வற்றவிடுங்கள். அகலம் முக்கியம், குறுகிய பாத்திரத்தில் வற்ற இரு மடங்கு நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் வைட்டமின் குறைந்துகொண்டே இருக்கும். இப்போது சர்க்கரையையும் எலுமிச்சைச் சாற்றையும் சேர்த்துக் கரைத்து, 5 நிமிடம் மட்டும் கொதிக்கவிட்டு இறக்குங்கள். கம்பிப் பதம் வரை காய்ச்ச வேண்டாம், ஆறினால் கெட்டியாகிப் பாட்டிலை விட்டு வராது.

சிறிய கண்ணாடிப் பாட்டில்களாக எடுங்கள். கழுவிச் சூடேற்றிய பாட்டிலில் சூடான சிரப்பை ஊற்றி மூடி, வாய்வரை மூழ்கும் கொதிநீரில் 10 நிமிடம் வைத்து எடுத்தால் குளிர்ந்த, இருட்டான அலமாரியில் சில மாதம் தாங்கும். திறந்ததை ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். இதில் சர்க்கரை பாதிக்கும் குறைவு. அதனால் வெளியே வைத்தால் புளித்துவிடும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று சத்தம் வந்தாலோ நுரைத்தாலோ கொட்டிவிடுங்கள்.

தயிரில், பான்கேக்கில், குளிர்ந்த தண்ணீரில் எலுமிச்சையோடு என்று எப்படியும் பயன்படும். சூடான கஞ்சியில் கலப்பதானால் இறக்கி ஆறவைத்த பிறகு கலக்குங்கள்.

ஜாம்

இதற்குச் சுத்தம் செய்த ஓடுதான் வேண்டும். முழுப் பழத்தை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுக்கும் முறையும் உண்டு. ஜெர்மனியில் பிரான்கோனியா வட்டாரத்தில் பன்னுக்குள் வைக்கும் ரோஜாப் பழ விழுதுக்கு அப்படிச் செய்வார்கள். அதற்கு மிக மெல்லிய கண்ணுள்ள சல்லடை வேண்டும். வீட்டிலுள்ள மாவுச் சல்லடையில் சுணை தப்பி வந்துவிடும். சுரண்டும் சிரமத்தை முதலிலேயே பட்டுவிடுவது மேல்.

ஓடு 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, சர்க்கரை 350 கிராம், எலுமிச்சை ஒன்று. ஓட்டையும் தண்ணீரையும் மூடிபோட்டு மெல்லிய தீயில் 20 நிமிடம் வேகவிடுங்கள். கரண்டியால் அழுத்தினால் நசுங்க வேண்டும். அதற்கு முன்னால் சர்க்கரை போட்டால் தோல் விறைத்து, எவ்வளவு நேரம் கொதித்தாலும் இளகாது. வெந்ததும் மத்தால் மசிக்கலாம், மிக்ஸியிலும் அடிக்கலாம். பிறகு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்து நடுத்தரத் தீயில் 10 முதல் 15 நிமிடம் கிளறுங்கள். ஃப்ரீசரில் குளிரவைத்த தட்டில் ஒரு துளி விட்டு, விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். அதுதான் பதம்.

இறுகாமல் போனால் பழம் அதிகம் பழுத்திருந்தது என்று பொருள். ஒரு புளிப்பு ஆப்பிளைத் தோலோடு துருவிச் சேர்த்து இன்னும் 10 நிமிடம் காய்ச்சினால் சரியாகிவிடும். சிவப்பு மாறிப் பழுப்பேறினால் தீ அதிகம், அல்லது நேரம் அதிகம். இந்த ஜாமின் அழகே அதன் செவ்வாரஞ்சு நிறம்தான். அதைக் கருக விடாதீர்கள்.

உலர்த்துவதும் சுவீடன் சூப்பும்

முழுப் பழம் காயாது. வெளியே காய்ந்ததுபோலத் தெரியும், உள்ளே பூஞ்சை பிடிக்கும். பாதியாக வகிர்ந்து சுரண்டிய ஓட்டை ஒற்றை அடுக்காகப் பரப்பி, உலர்த்தும் இயந்திரத்தில் 45 டிகிரியில் வைத்தால் எட்டுப் பத்து மணி நேரத்தில் காயும். அவனில் என்றால் மிகக் குறைந்த சூட்டில், கதவிடுக்கில் மரக்கரண்டி செருகி ஈரம் வெளியேற வழி விடுங்கள். ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் இன்னும் காயவில்லை. காய்ந்த ஓட்டைக் கம்பி வடிகட்டியில் போட்டு வெளியில் வைத்துக் குலுக்குங்கள். மிச்சமிருக்கும் சுணை தூளாக உதிரும். அப்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள்.

தேநீருக்கு இரண்டு தேக்கரண்டி ஓட்டை நொறுக்கி ஒரு கப் வெந்நீரில் போட்டு 15 நிமிடம் மூடி வைக்க வேண்டும். தேயிலைபோல மூன்று நிமிடத்தில் எடுத்தால் ஒன்றும் இறங்கியிருக்காது.

சுவீடனில் நீபொன்சொப்பா என்ற சூப் வீடுதோறும் தெரிந்தது. சூப் என்றாலும் இனிப்புப் பதார்த்தம். உலர்ந்த ஓடு 100 கிராமை 1¼ லிட்டர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். காலையில் அதே தண்ணீரில் 25 நிமிடம் வேகவைத்து, அரைத்து, மெல்லிய சல்லடையில் வடியுங்கள். 70 கிராம் சர்க்கரை சேர்த்துச் சூடாக்குங்கள். ஒன்றரை மேசைக்கரண்டி உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சைச் சிறிது குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். மறுபடி அடுப்பில் வைத்து முதல் குமிழி வந்ததும் இறக்கிவிட வேண்டும். கொதிக்கவிட்டால் பசை நீர்த்துப்போகும். மேலே கொஞ்சம் சர்க்கரை தூவினால் ஆறும்போது ஆடை படியாது. அடித்த கிரீமோ வெனிலா ஐஸ்கிரீமோ, கூடவே பாதாம் பிஸ்கட்டோ வைத்துச் சாப்பிடுவார்கள். ஸ்டார்ச் இல்லையென்றால் சோளமாவு போடலாம், அதை இரண்டு நிமிடம் கொதிக்கவிட வேண்டும். நிறம் சற்று மங்கும்.

இதழ்

காட்டு ரோஜாக்களில் ருகோசா இதழுக்குத் தனி மணம், லேசாகக் கிராம்பு வாடை கலந்தது. சீனாவின் சாந்தோங் மாகாணத்தில் பிங்யின் என்ற ஊர் இந்த இனத்து ரோஜாவுக்கே பேர்பெற்றது. அங்கே இதழைச் சர்க்கரையில் பிசைந்து பாடம் செய்வார்கள். நம் குல்கந்தும் அதே தத்துவம்தான், பூ மட்டும் வேறு, பன்னீர் ரோஜா. குல்கந்தை வெயிலில் வைத்துப் பழுக்க வைப்போம். வட நாட்டு வெயிலுக்கு அது நடக்காது, அதற்குள் நீர்விட்டுப் புளித்துவிடும். அங்கே சர்க்கரையில் நன்றாகப் பிசைந்து ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பாதுகாப்பு.

பனித்துளி காய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். பூவைக் கிள்ள வேண்டாம். ஐந்து இதழையும் சேர்த்துப் பிடித்து மெல்ல இழுத்தால் இதழ் மட்டும் வரும். நடுவிலுள்ள மஞ்சள் மகரந்தமும் அடியிலுள்ள பிஞ்சும் செடியிலேயே நிற்கும். தேனீ வந்து போன பூவாக இருந்தால் அதே பிஞ்சு செப்டம்பரில் பழமாகக் கையில் வரும். இதழின் அடியில் வெள்ளையாக ஒரு முனை இருக்கும், அது கசக்கும். நாலைந்து இதழாக அடுக்கிக் கத்தரிக்கோலால் நறுக்கிவிடலாம்.

100 கிராம் இதழ், 200 கிராம் சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இதழைக் கழுவ வேண்டியதில்லை. பூச்சி போக உதறினால் போதும். பாதிச் சர்க்கரையைத் தூவிக் கையால் கசக்கிப் பிசையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் இதழ் சுருங்கி, நீர்விட்டு, மங்கிய ஊதா நிறம் காட்டும். எலுமிச்சைச் சாறு விட்டதும் பளிச்சென்று சிவக்கும். மிச்சச் சர்க்கரையையும் சேர்த்துப் பிசைந்து, ஈரமில்லாத ஜாடியில் இடைவெளி இல்லாமல் அழுத்தி அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட்டால் பச்சை வாடை போய் மணம் நின்றிருக்கும். அடுப்பில் காய்ச்சினால் அந்த மணத்தில் பாதி ஆவியோடு போய்விடும், அதனால் இதை நாங்கள் காய்ச்சச் சொல்வதில்லை.

வளர்க்க அனுமதி உள்ள இடத்தில்

கனடாவில், குறிப்பாகப் புல்வெளி மாகாணங்களின் கடுங்குளிரில், தோட்டத்தில் நிற்கக்கூடிய ரோஜா வேண்டுமென்றால் ருகோசா நல்ல தேர்வு. நடுவதற்கு முன் உங்கள் மாகாணத்திலோ நகராட்சியிலோ கட்டுப்பாடு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடற்கரையிலிருந்து தள்ளியே இருக்கட்டும். தமிழ்நாட்டுச் சமவெளிச் சூட்டில் இதை முயல்வதில் பயனில்லை. குளிர்காலத் தூக்கம் இல்லாமல் இந்தச் செடி தேறாது.

பழத்துக்காக வளர்ப்பவர்கள் வகையைப் பார்த்து வாங்க வேண்டும். 'ஃப்ரூ டாக்மார் ஹாஸ்ட்ரூப்', 'ஸ்கப்ரோசா' இரண்டும் ஒற்றை அடுக்குப் பூ, பெரிய பழம். 'பிளாங் துப்ள் து கூபேர்', 'ரோஸ்ரே து லே' போன்ற அடுக்குப் பூ வகைகள் மணத்தில் மயக்கும், ஆனால் பழம் அநேகமாகக் கட்டாது. வாடிய பூவைக் கிள்ளி எறியும் பழக்கம் இருந்தால் இந்தச் செடியிடம் அதைக் காட்டாதீர்கள், கிள்ளுவது பழத்தைத்தான்.

இலை உதிர்ந்த காலத்தில் பக்கக் கன்றை வேரோடு வெட்டி எடுத்து, தண்டை ஒரு சாண் விட்டு நறுக்கி, ஒரு மீட்டர் இடைவெளியில் நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயிலும் தண்ணீர் தேங்காத மண்ணும் போதும். சுற்றிலும் அரை மீட்டர் ஆழத்துக்குக் கெட்டியான தடுப்புத் தகடு இறக்கினால் கன்று பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது. மூன்றாம் வருடத்திலிருந்து குளிர்காலக் கடைசியில், மிக முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு அறுத்துவிடுங்கள்.

இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் மண்ணில் சுண்ணாம்பு அதிகம். மக்கிய இலையும் பைன் பட்டையும் போட்டு வரலாம். மற்ற ரோஜாவுக்கு அடிக்கும் கந்தகமோ பூஞ்சைக்கொல்லியோ இதன் மேல் படக்கூடாது. சுருக்க இலை அதைத் தாங்காது. ஓரிரு நாளில் கருகிக் கொட்டிவிடும். கரும்புள்ளி நோய் இதை அதிகம் அண்டாது என்பதால் அந்த மருந்துக்குத் தேவையும் இல்லை.